மூன்று அம்மனும் ஒரு பௌர்ணமியும்



குடும்பத்தோடு ஒரு நாள் வெளியே கிளம்புவது என்றால் வீட்டிலுள்ள மற்றவர்களுக்கெல்லாம் அது உல்லாசப் பிரயாணம். வீட்டுக்காரிக்கு மட்டும் அது ஒரு சின்ன யுத்தம். உங்களுக்குத் தெரியாததையா நான் சொல்லப் போகிறேன்? முதல் நாள் இரவே புளிக்காய்ச்சலைக் காய்ச்சி வைக்க வேண்டும். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்து சாதம் வடிக்க வேண்டும். கிளம்பித் தெருக்கோடி வரை போன பிறகு, கேஸை மூடினோமா, பின்கட்டுக் கதவைத் தாழிட்டோமா என்று சந்தேகம் வர வேண்டும். (வராவிட்டால் அது பிரயாணமே இல்லை.) இதற்கு நடுவில், வாசலில் செருப்பைப் போட்டுக் கொண்டு நின்று, "இன்னும் ஆகலையா?" என்று கேட்கிற புருஷனுக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

இதெல்லாம் சந்தோஷமான அவஸ்தை. ஆனால், துக்கத்தையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போகிற நாளும் சில சமயம் வந்து விடுகிறதே, அதைப் பற்றித்தான் இந்த வாரம் உங்களோடு பேசலாம் என்றிருக்கிறேன்.

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கத்துச் சகோதரிகளுக்கு மூன்று அம்மன் தரிசனம் என்றால் விளக்கவே வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். பௌர்ணமியும் வெள்ளிக்கிழமையும் சேர்ந்து வருகிற நாளில், காலையில் மீஞ்சூருக்குப் பக்கத்தில் மேலூரில் திருவுடை அம்மன், உச்சி வேளையில் திருவொற்றியூரில் வடிவுடை அம்மன், மாலையில் திருமுல்லைவாயிலில் கொடியிடை அம்மன் என்று மூவரையும் ஒரே நாளில் தரிசிப்பது இந்தப் பக்கத்து வழக்கம். இச்சா சக்தி, ஞான சக்தி, கிரியா சக்தி என்று மூவருக்கும் பெயர். மூன்று விக்கிரகங்களும் ஒரே சிற்பியின் கை வேலை என்பார்கள். வரைபடத்தில் பார்த்தால் பக்கத்துப் பக்கத்து ஊர்கள்தான். போய்ப் பார்த்தால்தான் தெரியும்!

என் மாமியாருக்கு இது நாற்பது வருஷத்து ஆசை. மாமனார் ஆவடி டாங்கித் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். 1965-ல் முதல் விஜயந்தா டாங்கி அங்கிருந்து வெளியே வந்ததைப் பற்றி, அது ஏதோ தம் வீட்டுப் பிள்ளை நடை பழகிய சமாசாரம் போல, கேட்டவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்லுவார். அவருக்கு வெள்ளிக்கிழமை லீவு கிடையாது. "ரிடையர் ஆனதும் போகலாம், இரு" என்றே சொல்லிக் கொண்டிருந்தார். ரிடையர் ஆனார், முழங்கால் வலி வந்தது, பிறகு அவரே போய் விட்டார். அத்தை அதற்கப்புறம் மூன்று அம்மனைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. மறுபடி எடுத்தது, கண் டாக்டரைப் பார்த்து விட்டு வந்த அன்று.

இங்கே நான் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு வருஷத்துக்கு முன்பிருந்தே அத்தை நிலைப்படியில் இடித்துக் கொள்வார். பக்கத்தில் வைத்த டம்ளரைத் தட்டி விடுவார். மாடிப்படியில் கடைசிப் படி எங்கே என்று காலால் தேடுவார். "பார்த்து நடக்கக் கூடாதா, அத்தை?" என்று நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன்! வயசாகி விட்டது, கண்ணாடி பவர் மாறியிருக்கும் என்று வீட்டில் ஆளுக்கு ஆள் வைத்தியர்களாகித் தீர்ப்புச் சொன்னோம். அவருடைய கண்ணுக்குள் ஓரங்கள் கொஞ்சம் கொஞ்சமாக இருண்டு கொண்டு வந்தது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

கிளாக்கோமா என்கிறார்கள். கண்ணுக்குள் நீர் அழுத்தம் கூடி, பார்வை நரம்பைத் தின்று விடுகிற நோய். பெரும்பாலும் வலி இருக்காது, சிவப்பு இருக்காது. முதலில் பக்கவாட்டுப் பார்வை போகும். நடுப் பார்வை கடைசி வரை இருக்கும். அதனால் ஊசியில் நூல் கோர்க்கிற மனுஷிக்குக் கண் நோய் என்று யார் நினைப்பார்கள்? சொட்டு மருந்தாலும் சிகிச்சையாலும் மிச்சமிருக்கிற பார்வையைக் காப்பாற்றப் பார்க்கலாமே தவிர, போன பார்வையைத் திருப்பிக் கொண்டு வர முடியாது. ரத்த சம்பந்தமுள்ளவர்களுக்கு வருவதற்கு வாய்ப்பு ஜாஸ்தி. நாற்பது வயசானவர்கள் கண்ணாடிக்காகப் போகும்போது, அழுத்தத்தையும் நரம்பையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். ஐந்து நிமிஷம் கூட ஆகாது. நாங்கள் கேட்காமல் விட்ட ஐந்து நிமிஷம் அது.

"ஒரு குழாய் வழியாப் பார்க்கிற மாதிரி இருக்குன்னு சொன்னேன். அந்தக் குழாயும் சின்னதாகிட்டே போகும்னு டாக்டர் சொன்னார்" என்று அத்தை சொன்னார். காய் விலை சொல்கிற குரலில்தான் சொன்னார். சொல்லி விட்டு, "அடுத்த வெள்ளிக்கிழமைப் பௌர்ணமி எப்பன்னு பாரும்மா" என்றார்.

2023-ம் வருஷம் மே மாதம் 5-ந் தேதி. சித்ரா பௌர்ணமி. அக்கினி நட்சத்திரம் ஆரம்பித்த மறு நாள்! இன்னொரு விசேஷமும் சேர்ந்து கொண்டது. அன்று இரவு ஒன்பது மணி சுமாருக்குச் சந்திர கிரகணம். புறநிழல் கிரகணம்தான். நிலா லேசாக மங்குமே தவிர, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அதற்குத் தீட்டும் பார்ப்பதில்லை. ஆனால் ஆவடியிலிருந்து வந்த அண்ணியிடம் - என் நாத்தனாரிடம் - இதைச் சொல்லிப் பிரயோஜனம் இல்லை. கை நிறையத் தர்ப்பையோடு வந்து, புளியோதரைத் தூக்கு, தயிர்சாதத் தூக்கு, தண்ணீர் பாட்டில் எல்லாவற்றிலும் ஒவ்வொரு புல்லாகப் போட்டார். என் பிள்ளை தன் கண்ணாடிப் பெட்டியை நீட்டி, "இதுலயும் ஒண்ணு போடுங்க, அத்தை" என்றான். அவனுக்குப் பத்து வயது. அண்ணி சிரிக்கவில்லை. முகம் வீங்கியிருந்தது. இரவெல்லாம் அழுதிருக்கிறார் என்று பார்த்தாலே தெரிந்தது.

காலை ஐந்து மணிக்கு அம்பத்தூரை விட்டோம். செங்குன்றம் வழியாக மேலூர் போய்ச் சேர்ந்தபோது, எங்களுக்கு முன்பே பாதிச் சென்னை அங்கே வந்திருந்தது. இரண்டு மணி நேரம் வரிசை. கர்ப்பக்கிரகத்தில் கற்பூரத்தைக் காட்டியபோது அத்தை தலையை இப்படியும் அப்படியும் மெல்லத் திருப்பினார். அந்தக் குழாய் சரியான இடத்தில் போய் நிற்க வேண்டும் அல்லவா? திருப்பித் திருப்பி, ஓர் இடத்தில் நிறுத்தி, "ஆ, மூக்குத்தி!" என்றார். சின்னக் குழந்தை பட்டம் பார்த்த மாதிரி. பக்கத்தில் நின்ற அண்ணி முந்தானையை வாயில் வைத்துக் கொண்டு வெளியே போய் விட்டார்.

மேலூரிலிருந்து திருவொற்றியூர் போகிற பாதையை நான் வர்ணிக்கப் போவதில்லை. துறைமுகத்துக்குப் போகிற கண்டெய்னர் லாரிகள் ஒன்றன் பின் ஒன்றாக, ரயில் தண்டவாளத்தை விட்டு இறங்கி ரோட்டில் நிற்பது போல நின்றன. மணலிப் பக்கத்தில் எங்கள் வேன் அந்த வரிசையில் மாட்டிக்கொண்டது. நகரவே இல்லை. ஏ.ஸி. முதலில் வெந்நீர்க் காற்றை ஊதிற்று. அப்புறம் அதையும் நிறுத்திக் கொண்டது. உச்சி வேளை நெருங்குகிறது. என் வீட்டுக்காரர் டிரைவர் தம்பியிடம் ஏதோ கடுமையாகச் சொல்ல, அந்தத் தம்பி, "லாரி மேல ஏத்தவா சார்?" என்று கேட்க, வண்டிக்குள் எல்லாரும் எல்லார் மேலும் கோபமாக இருந்தோம்.

அத்தை மட்டும் மடியில் பூவைக் கொட்டிக்கொண்டு தொடுத்துக் கொண்டிருந்தார். அவருக்குப் பிறந்த ஊர் பூந்தமல்லி. பூவிருந்தவல்லி என்பதுதான் பூந்தமல்லி ஆயிற்று என்பார்கள். காஞ்சிப் பெருமாளுக்குப் பூக்கைங்கரியம் செய்த திருக்கச்சி நம்பி பிறந்த ஊர். அந்த ஊர்ப் பெண்ணுக்குப் பூத்தொடுக்கக் கண் எதற்கு? இரண்டு காம்பு இந்தப் பக்கம், இரண்டு காம்பு அந்தப் பக்கம், ஒரு முடிச்சு. விரல்கள் தாமாக ஓடுகின்றன.

திடீரென்று அத்தை பேச ஆரம்பித்தார். "உங்க மாமா என்னைப் பொண்ணு பார்க்க வந்தாரே, அன்னிக்கும் எனக்கு இப்படித்தான். தலையைக் குனிஞ்சுக்கிட்டே நின்னேனா, அவர் கால் கட்டை விரல் மட்டுந்தான் தெரிஞ்சது. நகத்துக்குள்ள மெஷின் எண்ணெய்க் கறை. அதைப் பார்த்துட்டுத்தான் சரின்னு சொன்னேன். உழைக்கிற மனுஷன்னு. மூக்கு எப்படி இருக்கும்னு கல்யாணம் ஆகி மூணாம் நாள்தான் தெரிஞ்சது. முன்னாடியே தெரிஞ்சிருந்தா வேண்டாம்னிருப்பேன்!"

நாங்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் என் வீட்டுக்காரருடைய மூக்கைப் பார்த்தோம். அது மாமனாருடைய மூக்கேதான், அச்சில் வார்த்தது. முதலில் டிரைவர் தம்பிதான் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தான். அப்புறம் கேட்பானேன்! என் பிள்ளை சீட்டிலிருந்து வழுக்கிக் கீழே விழுந்து சிரித்தான். அத்தை கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"போதும் நிறுத்துங்க!" என்றார் அண்ணி. "இது என்ன கல்யாண வீடா? அம்மாவுக்குக் கண்ணு போகுது. எப்படிச் சிரிக்க முடியுது உங்களாலே?"

அதுவரை அந்த வார்த்தையை என் பிள்ளைக்கு முன்னால் யாரும் சொன்னதில்லை. வண்டிக்குள் லாரி எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு வாய்க்குள் மிச்சமிருந்த சிரிப்பு என்னவோ திருட்டுச் சாமான் மாதிரி ஆகி விட்டது. உங்களுக்கும் இந்த அனுபவம் இருக்கும். துக்க வீட்டில் யாரோ ஒரு பழைய கதையைச் சொல்லப் போக, நம்மை மீறிச் சிரித்து விட்டு, உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு யார் பார்த்தார்கள் என்று சுற்றிப் பார்ப்போமே! ஆண்கள் திண்ணையில் உட்கார்ந்து அரசியல் பேசிச் சிரித்தால் ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. நாம் சிரித்தால் நம் துக்கத்தையே சந்தேகப்படுகிறார்கள். பிறத்தியார் இருக்கட்டும், நாமே சந்தேகப்படுகிறோம்.

அத்தை முடிச்சுப் போடுவதை நிறுத்தவில்லை. "போகுதுதான். அதுக்குள்ள ஒரு வாய் புளியோதரை சாப்பிட்டுக்கறேன், எடு. தர்ப்பையை நீக்கிட்டுக் குடு" என்றார்.

திருவொற்றியூரை அடைந்தபோது மணி ஒன்றரை. அங்கே கூட்டத்தில் அத்தைக்குக் கிடைத்தது ஒரு விளக்குச் சுடரும் ஒரு பட்டுக் கரையும்தான். வெளியே வந்து மகிழ மரத்தடியில் சிறிது நேரம் உட்கார்ந்தோம்.

அந்த மகிழ மரத்தின் கதையை நான் சொல்லாமல் போனால் இந்தப் பிரயாணத்தின் மிச்சம் உங்களுக்குப் பிடிபடாது. பெரிய புராணத்தில் சேக்கிழார் சொல்கிறார். அவரும் நம் குன்றத்தூர்க்காரர்தான். சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கண்டு ஆசைப்பட்டார். உன்னைப் பிரிய மாட்டேன் என்று சத்தியம் செய்ய வேண்டும். திருவாரூரை மறக்க முடியாத மனுஷர் இப்படி எப்படிச் சத்தியம் செய்வார்? அதனால் ஒரு தந்திரம் செய்தார். சந்நிதியில் சத்தியம் செய்கிற சமயத்தில் சுவாமி சந்நிதியை விட்டு மகிழ மரத்தடிக்குப் போய் விட வேண்டும் என்று சுவாமியிடமே சொல்லி வைத்தார். சுவாமி என்ன செய்தார் தெரியுமா? சங்கிலியாரின் கனவில் போய், "மகிழ மரத்தடியில் சத்தியம் வாங்கு" என்று சொல்லி விட்டார்! (பெண்கள் பக்கம் நின்ற அபூர்வமான தெய்வம்.) இன்றைக்கும் மாசி மாதத்தில் மகிழடி சேவை என்று அதைக் கொண்டாடுகிறார்கள். சத்தியம் செய்த சுந்தரருக்கு வசந்த காலம் வந்ததும் திருவாரூர் ஞாபகம் வந்து விட்டது. கிளம்பினார். ஒற்றியூர் எல்லையைத் தாண்டியதும் இரண்டு கண்களும் இருண்டன.

அப்புறம் அவர் நேரே போனது எங்கே? திருமுல்லைவாயிலுக்கு. நாங்கள் அன்று பிற்பகல் மூன்று மணிக்கு வேனில் கிளம்பிப் போன அதே திசை. அங்கிருந்து திருவெண்பாக்கம், அங்கே கண் கேட்டவருக்கு ஓர் ஊன்றுகோல் கிடைத்தது. (அந்தப் பழைய கோயில் இருந்த இடம் 1944-ல் கட்டிய பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய் விட்டது, சுவாமியைக் கரையேற்றிப் பூண்டியிலேயே வைத்திருக்கிறார்கள்.) காஞ்சியில் இடக் கண்ணும், திருவாரூரில் வலக் கண்ணும் திரும்பி வந்தன என்பது கதை.

ஆனால் எனக்கு எப்போதும் ஆச்சரியம் அவர் திருமுல்லைவாயிலில் பாடிய பதிகம்தான். துன்பத்தைக் களைய மாட்டாயா என்று பாட்டுக்குப் பாட்டுக் கெஞ்சுகிறார். சங்கிலிக்காக என் கண்ணைப் பறித்தாயே என்று முறையிடுகிறார். அதே மூச்சில், தாமரைப் பூவின் மேல் நண்டு தூங்குகிறது, வண்டு பாடுகிறது, சுற்றிலும் செந்நெல் வயல் என்கிறார். பாலி நதி சந்தன வேரும் அகில் கட்டையும் மயில் பீலியும் யானைத் தந்தமும் முத்தும் பவளமும் தள்ளிக்கொண்டு வருகிறது என்கிறார். கண் தெரியாத மனுஷர் அல்லவா? எதைப் பார்த்துப் பாடினார்? யார் அவருக்குச் சொன்னார்கள்? ஒன்றும் தெரியவில்லை என்று அழுகிற அதே பாட்டில் தூங்குகிற நண்டை வைக்க எப்படி மனசு வந்தது? படித்தபோதெல்லாம் இது புலவர் வழக்கம் என்று தள்ளி விட்டேன். அன்றைக்கு அப்படித் தள்ள முடியவில்லை.

இப்போது அங்கே வயலும் இல்லை, நண்டும் இல்லை. ஒரு பக்கம் 1964-ல் ஆரம்பித்த அம்பத்தூர்த் தொழிற்பேட்டை, இன்னொரு பக்கம் ஆவடி. நடுவில் அடுக்கு மாடி வீடுகள், ஹார்ட்வேர் கடைகள், பிரியாணிக் கடைகள். அதற்குள்தான் மாசிலாமணீசுவரர் இருக்கிறார். தொண்டைமானின் யானைக் காலை முல்லைக் கொடி சுற்றிக்கொள்ள, அவன் கொடியை வாளால் வெட்ட, அந்த வெட்டு லிங்கத்தின் மேல் பட்டு ரத்தம் பெருகிற்று என்பது தல வரலாறு. அந்தக் காயத்துக்காக ஆண்டு முழுவதும் சுவாமிக்குச் சந்தனக் காப்பு. சித்திரைச் சதயத்தை ஒட்டித்தான் அதைக் களைவார்கள். சந்நிதி முன்னால் இரண்டு வெள்ளெருக்குத் தூண்கள். நந்தி சுவாமியைப் பார்க்காமல் வாசலைப் பார்த்துக் கொண்டு உட்கார்ந்திருக்கிறது. தொண்டைமானுக்குத் துணையாகச் சண்டைக்குக் கிளம்பிய கோலமாம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது விளக்கு வைக்கிற நேரம். கூட்ட நெரிசலில் என் வீட்டுக்காரரும் பிள்ளையும் எங்கோ பிரிந்து விட்டார்கள். அத்தையின் ஒரு கையை நானும், மறு கையை அண்ணியும் பிடித்துக் கொண்டு கொடியிடை அம்மன் சந்நிதிக்குப் போனோம். காலையில் செய்த மாதிரி அத்தை தலையைத் திருப்பினார். இப்படி, அப்படி. மறுபடி இப்படி. எங்கேயும் நிற்கவில்லை. மங்கல் வெளிச்சத்தில் இந்த நோய்க்காரர்களுக்குப் பார்வை இன்னும் மோசம் என்று டாக்டர் சொல்லியிருந்தது எனக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. அண்ணிக்கும் புரிந்து விட்டது.

"சொல்லுடி" என்றார் அத்தை, மகளிடம். "என்ன புடவை?"

அண்ணிக்குத் தொண்டை அடைத்தது. "பச்சை" என்றார். பிறகு, "அரக்குக் கரை."

"எந்தப் பச்சை?"

"கிளிப்பச்சைம்மா. என் கல்யாணத்துக்கு எடுத்தியே, அந்தக் கலரு. கடைக்காரன் இது சாயம் போகாதுன்னு சத்தியம் பண்ணினானே..."

"முதல் தண்ணியிலேயே அண்டா முழுக்கப் பச்சை!" என்றார் அத்தை.

"ஆமா... அப்பா வேட்டியெல்லாம் பச்சை..." அண்ணி அழுது கொண்டேதான் ஆரம்பித்தார். நடுவில் அது எப்போது சிரிப்பாக மாறிற்று என்று எனக்குத் தெரியவில்லை, அவருக்கும் தெரிந்திருக்காது. "அந்தப் பச்சை வேட்டியோட ஃபாக்டரிக்குப் போயிட்டு வந்தாரே, அம்மா!" என்று, கர்ப்பக்கிரகத்துக்கு நேரே நின்று கொண்டு, மூக்கை உறிஞ்சிக் கொண்டு, உரக்கச் சிரித்தார். பின்னால் நின்ற அம்மாள் ஒருத்தி முறைத்தாள். நகரச் சொல்லி யாரோ முதுகில் தள்ளினார்கள். அண்ணி நகரவில்லை. "மூக்குத்தி இந்தப் பக்கம். நம்ம பூவைச் சாத்திட்டாங்க, அம்மா. வலது தோள்லேருந்து தொங்குது. நீ கடைசில கொஞ்சம் கோணலாக் கட்டியிருக்கே. ஆனா நல்லாத்தான் இருக்கு" என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கொண்டே இருந்தார்.

அத்தை கை கூப்பி, "தெரியுது, தெரியுது" என்றார்.

வெளியே வந்தபோது கிரகணத்துக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. கோபுரத்துக்கு மேலே நிலா முழுசாக ஏறியிருந்தது. பிள்ளை ஓடி வந்து, "பாட்டி, நிலா பாரு!" என்று கத்தி விட்டு நாக்கைக் கடித்துக் கொண்டான். அத்தை அவன் தோளைப் பிடித்து, "எந்தப் பக்கம், திருப்பி விடு" என்றார். திருப்பி விட்டான். அது தெரிந்ததா, இல்லையா என்று அவர் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. வீட்டுக்கு வருகிற வழியில் அண்ணி அத்தையின் தோளில் சாய்ந்து தூங்கி விட்டார். மிச்சமிருந்த முழப் பூவை அத்தை தடவித் தடவி மகளின் தலையில் வைத்து விட்டார்.

அடுத்த திங்கட்கிழமை என் வீட்டுக்காரரும் அண்ணியும் கண் பரிசோதனைக்குப் போனார்கள். இவருக்கு ஒன்றும் இல்லை. அண்ணிக்கு இரண்டு கண்ணிலும் அழுத்தம் கூடுதல். நரம்புக்கு இன்னும் சேதம் இல்லை. அன்றிலிருந்து சொட்டு மருந்து விட்டுக் கொள்கிறார், இரவு ஒன்பது மணிக்கு, தவறாமல். அத்தைக்கு இப்போது வெளிச்சமும் இருட்டும் மட்டும் தெரிகின்றன. ராத்திரி அண்ணி ஆவடியிலிருந்து டெலிபோன் செய்து, "மருந்து விட்டுக்கிட்டேம்மா" என்று சொன்ன பிறகுதான் படுக்கப் போகிறார்.

அடுத்த வெள்ளிக்கிழமைப் பௌர்ணமியைப் பஞ்சாங்கத்தில் பார்த்து வைக்கும்படி பேரனிடம் சொல்லியிருக்கிறார். இந்தத் தடவை ஏ.ஸி. சரியாக இருக்கிற வண்டியாகப் பார் என்பது எனக்கு உத்தரவு.